முகம் கிடைக்காத அறிஞர்களுக்கும் சுவரில் இடம்

வரலாற்றுத் துறைக்கும் புவியியல் துறைக்கும் பொதுவான நூலகத்தில் அறிஞர்களின் உருவப்படக் கூடம் அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. யார் யாரை வைப்பது என்பது விரைவிலேயே முடிவாகிவிட்டது. நம்பத்தக்க முகங்களைத் தேடுவதில்தான் பெரும்பகுதிக் காலம் சென்றது.

வரைபட அறிஞர் கெரார்டஸ் மெர்காட்டருக்கு அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1574-இல், ஃபிரான்ஸ் ஹோகன்பெர்க் செதுக்கிய படம் இருக்கிறது. புவியியலாளர் அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்ட்டுக்கோ முதுமையில் வரைந்த ஓவியமும் உண்டு. ஆனாலும் அமெரிக்கப் பயணத்திலிருந்து அவர் திரும்பிய இரண்டு ஆண்டுகளில், 1806-இல், வைட்ஷ் தீட்டிய ஓவியத்தையே நான் வற்புறுத்தினேன், ஏனெனில் களத்தில் நடந்து கற்ற மனிதரை மாணவர்கள் அதில் காண்பார்கள்.

பண்டைய புவியியலாளர் தாலமியின் படங்களோ அனைத்தும் கற்பனையே. எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களோடு அவரைக் குழப்பிக்கொண்ட பிற்கால ஓவியர்கள் சிலர் அவர் தலையில் கிரீடத்தையே வைத்துவிட்டார்கள். அத்தகைய படத்தை விளக்கமின்றி மாட்டுவது வரலாற்றாசிரியர்களைச் சிறப்பிக்கும் சுவருக்கு ஒவ்வாது என்று வாதிட்டேன். நம்பகமான உருவம் கிடைக்காதவர்களுக்கு அவர்களுடைய படைப்பையே வைப்பது என்று குழு இறுதியில் ஏற்றுக்கொண்டது. அதன்படி, வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனுக்கு அவருடைய நூலான 'முகத்திமா'வின் கையெழுத்துப் பிரதிப் பக்கமும், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154-இல் அல் இத்ரீசி உருவாக்கிய உலக வரைபடத்தின் பிற்காலப் படி ஒன்றும் சட்டத்துக்குள் வந்தன. அவ்வரைபடத்தில் தெற்கு மேலே இருப்பதால், தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்று எவரும் திருப்பிவிடாதிருக்க, அதன் குறிப்பட்டையில் முதல் வரியாகவே அதை எழுதினோம்.

கடலடித் தரையை வரைபடமாக்கிய மேரி தார்ப்பின் புகைப்படத்துக்கு உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டியிருந்தது. அச்சின் அளவு, மாட்டும் இடம், காலவரையறை ஆகிய மூன்றையும் முதல் கடிதத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் வீண் கடிதப் போக்குவரத்து குறையும். ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அச்சிட ஏறத்தாழ 3508-க்கு 4961 பிக்சல் தேவை. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் இதற்குப் போதா.

ஒவ்வொரு குறிப்பட்டையிலும் அறிஞரின் வாழ்நாளோடு படம் உருவான ஆண்டையும், அது நேரில் கண்டு வரைந்ததா, பிற்காலக் கற்பனையா என்பதையும் சேர்த்தோம். நேர்வெயில் படும் சுவரைத் தவிர்த்து, படங்களின் மையம் கண்மட்டத்துக்கு வருமாறு மாட்டி முடித்தோம்.