‘ஐபிவி6-ஐ ஆஃப் பண்ணிடுங்க’ என்றால் சம்மதிக்காதீர்கள்

பெங்களூரு அல்சூரில் வீடு மாறியதும் புது ஃபைபர் இணைப்பு எடுத்தோம். விண்ணப்பம், கேபிள் இழுப்பு, மோடம் எல்லாம் சொன்ன நேரத்துக்கு முடிந்தன. தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. இணையதளங்கள் திறக்கும், வாட்ஸ்அப் போகும். ஆனால் ஆபீஸ் சர்வருக்குப் பெரிய ஃபைல் ஏற்றினால் பாதியில் அப்படியே நின்றுவிடும். பிழைச் செய்திகூட வராது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே ஃபைலை போன் ஹாட்ஸ்பாட்டில் அனுப்பினால் மறுபேச்சில்லாமல் போய்விடும். ஹாட்ஸ்பாட்டிலும் ஐபிவி6 (பழைய ஐபிவி4-க்கு அடுத்து வந்த இணைய முகவரி முறை) வழியாகத்தான் போகிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

புகார் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பையன் கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) பக்கம், நல்ல தமிழ். வந்ததும் வேகச் சோதனை ஓட்டினான். “அக்கா, ஸ்பீடு ஃபுல்லா வருது பாருங்க. ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்றான். அந்த ஓடிபியைச் சொன்னால் புகார் முடிந்ததாகக் கணக்கு. “பெரிய ஃபைல் போகலைப்பா, இங்கயே உக்காந்து பாரு” என்று சொல்லி ஏற்றிக் காட்டினேன். பார்த்தான். உடனே மோடத்தின் பக்கத்தைத் திறந்து ஐபிவி6 டிக்கை எடுக்கப் போனான். “எல்லா வீட்லயும் இதான்க்கா பண்றோம்.”

எடுக்க விடவில்லை. ஹாட்ஸ்பாட்டில் இதே ஐபிவி6 வழியாக ஃபைல் போகிறதே! ஓடிபியும் தரவில்லை. ஆனாலும் சாயங்காலம் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வந்தது. மறுபடி புகார், மறுபடி அதே பதில். வாடிக்கையாளர் சேவையில் எந்த மொழியில் பேசினாலும் ஆலோசனை ஒன்றுதான்: ஐபிவி6-ஐ அணையுங்கள்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் செய்கிறான். சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

கோளாறு எங்கே என்று நானே தேடினேன். என் லேப்டாப்பில் உபுண்டு இயங்குதளம். ஐபிவி6 வழியாக 1444 பைட் வைத்துப் பிங் செய்தால் (சோதனைக்கு ஒரு பாக்கெட், அதாவது தரவுப் பொட்டலம், அனுப்பிப் பார்த்தால்) பதில் வந்தது. 1452 வைத்தால் ஒன்றுமே இல்லை. 1444-உடன் தலைப்புகளுக்கான 48 பைட்டைச் சேர்த்தால் 1492. என் ஃபைபர் இணைப்பு ஓடும் பிபிபிஓஇ என்ற முறையில் ஒரு பாக்கெட் வழக்கமாக இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு அதுதான். அந்த உச்ச அளவை எம்டியு என்பார்கள். என் லேப்டாப்போ ஈதர்நெட் வழக்கப்படி 1500 பைட் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. ஐபிவி6-இல் நடுவழியில் இருக்கும் ரவுட்டர் பாக்கெட்டைத் துண்டு போடாது. ‘இது பெரிசு, சின்னதாக அனுப்பு’ என்று அனுப்பியவருக்கு ஒரு செய்தி திருப்பியனுப்ப வேண்டும். அந்தச் செய்தி எனக்கு வரவே இல்லை. ஐபிவி4-க்கு மட்டும் மோடம் எம்எஸ்எஸ்ஸை (ஃபைலைக் கொண்டுபோகும் டிசிபி முறை ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவை) தானே குறைத்துக்கொண்டது. ஐபிவி6-க்கு அதைச் செய்யவில்லை. டிக்கை எடுத்தால் எல்லாம் ஐபிவி4 வழியே போய் ‘சரியாகிவிடும்’ மாயம் இவ்வளவுதான்.

ஐபிவி6 ஓடாவிட்டால் மென்பொருள் தானாக ஐபிவி4-க்குத் தாவுமே என்று கேட்பீர்கள். ஹேப்பி ஐபால்ஸ் என்ற முறை இருக்கிறது. இரண்டையும் கால் நொடி இடைவெளியில் முயன்று, முந்துவதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது பார்ப்பது இணைப்பு தொடங்குகிறதா என்பதை மட்டும். தொடக்கப் பாக்கெட்டுகள் சின்னவை, தடையில்லாமல் போய்விடும். ஐபிவி6 ஜெயித்துவிடும். அதன்பின் பெரிய பாக்கெட் வரும்போது மாட்டிக்கொள்ளும். முழுசாகச் செத்த ஐபிவி6-ஆல் யாருக்கும் தொந்தரவில்லை. இப்படிப் பாதி உயிரோடு இருப்பதுதான் ஆளைக் கொல்லும்.

இதற்குள் ஆபீஸிலும் சண்டை வந்தது. ஃபைல்களை ஒத்திசைக்கும் மென்பொருள் எங்களுடையது. நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். என் புகாரைக் கேட்டதும் டீம் லீட், “அடுத்த வெளியீட்டில் ஐபிவி4 மட்டும் இயல்பாக இருக்கட்டும், வேண்டுபவர்கள் ஐபிவி6-ஐப் போட்டுக்கொள்ளட்டும்” என்றார். என் வீட்டுக் கோளாறையே சாட்சியாக வைத்துப் பேசியது எனக்குத் தாங்கவில்லை. அமைப்புகளைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? இயல்பாக அணைத்து வைத்தால் அணைந்தேதான் கிடக்கும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் ஐபிவி6-ஐ இயல்பாகவே இயக்கித் தருகிறது. அணைக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. ஐபிவி6 மட்டும் உள்ள வலைப்பின்னலிலும் செயலி ஓட வேண்டும் என்று ஆப்பிள் 2016 ஜூனிலிருந்து கேட்கிறது. நாம் மட்டும் பின்னால் நடப்பதா?

ஐபிவி4 ஒன்றும் பத்திரமான இடம் இல்லை. மொத்த முகவரிகளே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. என் மோடத்துக்குக் கிடைத்த ஐபிவி4 முகவரி 100.64 என்று தொடங்குகிறது. அப்படியென்றால் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளோடு பங்கு போடுகிறேன் என்று பொருள். வெளியிலிருந்து என் வீட்டுக் கணினியை நேராகத் தொட ஐபிவி6 ஒன்றுதான் வழி. அதைத்தான் டிக் எடுத்து மூடச் சொல்கிறார்கள். எல்லோரும் மூடிவிட்டால் புகாரே வராது. புகார் வராவிட்டால் மோடத்தை யாரும் திருத்தப் போவதில்லை.

கடைசியில் காரியம் நடந்தது மேல்முறையீட்டில். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் மையத்துக்கு மேலே ஒரு மேல்முறையீட்டு அமைப்பு உண்டு. அதற்கு மின்னஞ்சல் போட்டேன். ‘இணையம் மெதுவாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள், திரும்பவும் வேகச் சோதனைதான் நடக்கும். இரண்டு பிங் முடிவுகளின் படம், மோடம் மாடல், அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரின் எண், பழைய புகார் எண்கள், இவற்றோடு ‘ஐபிவி6-க்கு எம்எஸ்எஸ் குறைக்கப்படவில்லை, உள் வலைக்கு எம்டியு 1492 என்று அறிவியுங்கள்’ என்று ஒரே வரியில் கேட்டேன். நெட்வொர்க் பிரிவிலிருந்து ஒரு பொறியாளர் கூப்பிட்டார். முதல் நிமிஷத்திலேயே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். “மேடம், லைன்லயே இருங்க” என்று சொல்லி, அங்கிருந்தே மோடத்தின் அமைப்பை மாற்றினார். 1452 பைட் பிங்குக்குப் பதில் வந்தது, இப்போது துண்டுகளாகப் பிரிந்து. ஃபைல் முழுசாக ஏறியது. ஓடிபியை அப்போதுதான் சொன்னேன்.

மோடத்தைத் திருத்தும்வரை வேலை ஓட வேண்டுமே என்றால், உங்கள் கணினியில் வைஃபையின் எம்டியுவை 1280-க்கு இறக்குங்கள். ஐபிவி6 செல்லும் எந்தப் பாதையும் அந்த அளவைத் தாங்கியாக வேண்டும். ஆனால் அது அந்த ஒரு கணினிக்கு மட்டும்தான். டிவிக்கும் போனுக்கும் மோடத்தில்தான் தீர்வு.

ஆபீஸிலும் ஐபிவி6 இயல்பாகவே இயங்கும் என்று முடிவானது. எங்கள் சர்வர் இனி ஐபிவி6-க்கு எம்எஸ்எஸ்ஸைக் கொஞ்சம் குறைத்தே அறிவிக்கும். இப்படிப்பட்ட மோடத்துக்குப் பின்னால் இருப்பவர்களின் ஃபைலும் போய்ச் சேரும். அணைக்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் அதை முதல் மருந்தாக உதவிப் பிரிவு சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் அதே மோடம் வைத்திருக்கும் மற்ற வீடுகளுக்கு இன்னும் மாற்றித் தரவில்லை. கீழ்வீட்டு அம்மாவின் மகன் வெளியூரிலிருந்து வந்திருக்கிறார். அவரிடம் என் புகார் எண்ணையும் அந்த ஒரு வரியையும் கொடுத்திருக்கிறேன். அவரும் முதலில் புகார் கொடுத்துவிட்டு, தீராவிட்டால் மேல்முறையீட்டுக்கு எழுதப் போகிறார்.