மூணாவது தூணு

ஜூன் 8, ஞாயிறு

ராத்திரி மணி பதினொன்னு. அம்மாவ அட்மிட் பண்ணியாச்சு. வலது கை ஆள்காட்டி வெரலு கத்திரிக்கா மாதிரி வீங்கி கருத்துப் போயி பளபளன்னு நிக்குது. கெளுத்தி முள்ளு குத்தி பத்து நாளாச்சாம். யாருகிட்டயும் மூச்சு விடல, மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சு பூசிக்கிட்டு அதே கையோட ஐஸ் தண்ணியில மீன் அலசிட்டு இருந்திருக்கு. சுகரு 410. ஏம்மா இவ்ளோ நாளு என்ன பண்ணீங்கன்னு நர்ஸ் கேட்டா "ஞாயித்துக்கெழம யாவாரம் முடியட்டும்னு பாத்தேன்"ங்குது. எந்த ஞாயித்துக்கெழம?

ஜூன் 9, திங்கள்

வெரலு அப்படியே தான் இருக்கு.

ஜூன் 10, செவ்வாய்

பெரிம்மா ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. ரெண்டு சாத்துக்குடி குடுத்துட்டு நேரா விஷயத்துக்கு வந்துட்டாங்க. "இப்ப மீன்பிடி தடைக்காலம், ஆர்பரே காத்து வாங்குது, எவளும் கண்டுக்க மாட்டா. 15ம் தேதி போட்டெல்லாம் போயி வந்துச்சுன்னு வையி, உங்கம்மா எடத்துல எவளாச்சும் பலகையப் போட்டு உக்காந்துடுவா. அப்பறம் பஞ்சாயத்து வச்சாலும் ஒன்னும் வேலைக்காவாது." ஷெட்டுல மூணாவது தூணு ஓரமா நாலடி எடம், அவ்ளோ தான். பட்டாவா இருக்கு? இருவத்தஞ்சு வருசமா அம்மா உக்காந்திருக்கு, அது தான் பட்டா.

அம்மா செவுத்த பாத்துக்கிட்டே "அவளுக்கு கம்பெனில லீவு தர மாட்டாங்க"ன்னுச்சு.

நான் போறேன்னு சொல்லிட்டேன். பாண்டிச்சேரிக்கு போன் பண்ணி வீட்டுக்காரருகிட்டயும் சொல்லியாச்சு. பாப்பாவ மாமியார் பாத்துப்பாங்களாம், குரல்லயே தெரிஞ்சுது எவ்ளோ நாளைக்குன்னு.

ஜூன் 11, புதன்

விடிகாத்தால மூணு மணிக்கு அன்னக்கூடை, அருவாமனை, அம்மாவோட பலகை எல்லாம் தூக்கிக்கிட்டு கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) ஆர்பருக்கு போனேன். விசைப்படகு எல்லாம் வரிசையா கட்டி கெடக்கு, பெயிண்ட் வாசனை. பைபர் போட்டுல வந்த மீன் மட்டும் தான் ஏலத்துக்கு. கேரளாவுலயும் 9ம் தேதி நடுராத்திரிலேருந்து 52 நாளு டிராலிங் தடை போட்டுட்டாங்க, அதனால லாரி மீனும் கொறஞ்சு போச்சு, இருக்குற நாலு கூடைக்கு நாப்பது பேரு நிக்கிறோம். ஒரு கூடை சுதும்பு மீன கொட்டுனாங்க. ஏலம் விடுறவரு வாய்ல ரூவா உருளுது, எட்டு நூறு எட்டு நூறு ஒம்போது நூறுன்னு. எனக்கு ஒரு வேகம், ஆயிரம்னேன். எங்கேருந்தோ ஆயிரத்து நூறு. நான் எரநூறு. முந்நூறுல தான் திரும்பிப் பாத்தேன், எனக்கு எதிரா கேட்டுக்கிட்டு இருந்தது எங்க பெரிம்மா! நாலு பொம்பளைங்க கூட்டு சேந்து ஒருத்திய கேக்க விட்டு வாங்கி அப்பறம் கூறு போட்டு பிரிச்சுக்குவாங்களாம், அதுல எனக்கும் ஒரு பங்கு வச்சிருந்தாங்களாம். நாலு நூறு தண்டம். பெரிம்மா திட்டல, அதான் பயமா இருக்கு. மத்தவங்க சிரிச்ச சிரிப்பு உப்பனாறு தாண்டி கேட்டிருக்கும்.

வித்தது போக கையில 60 ரூவா. ஆட்டோ காசு குடுக்கல இன்னும்.

ஜூன் 12, வியாழன்

இன்னைக்கு கானாங்கத்தை எடுத்தேன். செவுள தூக்கிப் பாத்தா நல்லா செவப்பா தான் இருந்துச்சு. ஒம்போது மணிக்கு ஒரு அம்மா திரும்பி வந்து பையோட என் பலகை மேல கொட்டிட்டு போறாங்க, கொழகொழன்னு இருக்கு. காச திருப்பிக் குடுத்தேன்.

சாயந்திரம் அம்மாகிட்ட சொன்னா, செவுள யாருடி பாக்கச் சொன்னான்னு கேக்குது. என் கைய இழுத்து கட்டவெரலுக்கு கீழ இருக்குற சதைய அழுத்திக் காட்டுச்சு (இடது கையால தான்). மீனு இப்படி இருக்கணுமாம், அழுத்துனா எழும்பி வரணும், வெரலு பதிஞ்ச எடத்துல குழி நின்னா அந்தக் கூடைய தாண்டிப் போயிடணும். கண்ண நம்பாத, செவுள நம்பாத.

அந்த நேரம் பாத்து டாக்டரு வந்தாரு. அம்மாவோட வலது பொறங்கைய அழுத்திப் பாத்துட்டு கைய எடுத்தாரு. குழி அப்படியே நின்னுச்சு. நானும் பாத்தேன், அம்மாவும் பாத்துச்சு.

எக்ஸ்ரே எடுக்கணுமாம்.

ஜூன் 13, வெள்ளி

எத பாத்தாலும் அழுத்திப் பாக்குறேன். இட்லி, தக்காளி, பஸ் சீட்டு.

ஆர்பர் பக்கத்துல ஓட்டல் வச்சிருக்குறவரு 1,100 பாக்கின்னு அம்மா சொல்லுது, அவரு எழுநூறு தான்னு சாதிக்கிறாரு. எதுலயும் எழுதல. அம்மா கணக்கெல்லாம் தலைக்குள்ள. முன்னாடி ஒரு நோட்டு இருந்துச்சு, அஞ்சாவது ஆறாவது படிக்கும்போது நான் தான் எழுதுவேன், அம்மா சொல்லச் சொல்ல. 2004 டிசம்பர் 26 அன்னைக்கும் ஞாயித்துக்கெழம தான். வீட்டோட நோட்டும் போச்சு. அப்பறம் நோட்டே வாங்கல. அம்மா வாங்கச் சொல்லல, நானும் கேக்கல.

எலும்பு வரைக்கும் போயிடுச்சாம்.

ஜூன் 14, சனி

61 நாளு தடை இன்னைக்கு ராத்திரியோட முடியுது. பகல் பூரா ஐஸ் ஏத்துறாங்க, டீசல் ஏத்துறாங்க, வலைய ஏத்துறாங்க. போட்டுக்கெல்லாம் மாலை போட்டு பூசணிக்கா உடைச்சு எலுமிச்சம்பழம் வச்சு ஒரே கற்பூர பொகை. தம்பியும் போறான், வேற ஆளு போட்டுல, பங்குக்கு. தடைக்கால நிவாரணம் 8,000 வந்த அன்னைக்கே வட்டிக்கு போயிடுச்சு.

நைனா கூட்டுல எடுத்த சுருக்குவலை, கவர்மெண்டு தடை பண்ணுன பெரிய வலை, இன்னும் தார்ப்பாய்க்கு கீழ தான் கெடக்கு, எலி குட்டி போட்டிருக்கு. அம்மா சங்கிலியும் என் வளையலும் தான் அந்த வலை. 2023ல சுப்ரீம் கோர்ட்டு போடலாம்னுச்சு, திங்களும் வியாழனும் மட்டும், 12 கடல் மைலுக்கு அந்தாண்ட, காலைல எட்டு மணிலேருந்து சாயந்திரம் ஆறு மணிக்குள்ள. போக வரவே பாதி பகல் போயிடும், மீன எப்ப தேடுறதாம். நைனா அந்த தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே போயி சேந்துட்டாரு. வலைய வித்துடலாம்னா தம்பி மூஞ்ச தூக்கி வச்சுக்குறான்.

பன்னெண்டு மணிக்கு ஒன்னு பின்னாடி ஒன்னா இஞ்சின் சத்தம், ஆஸ்பத்திரி வரைக்கும் கேக்காது, ஆனா அம்மா "கெளம்பிட்டாங்களா"ன்னு கேட்டுச்சு.

ஜூன் 15, ஞாயிறு

ஒன்னுமில்ல. போட்டு இன்னும் வரல. தம்பி போன் ஸ்விட்ச் ஆஃப். கடலுக்குள்ள டவர் இருக்காதுன்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் பதினாறு தடவ போட்டுட்டேன்.

ஜூன் 16, திங்கள்

வந்துட்டானுங்க. ரெண்டு மணிக்கே மீனு மீனு மீனு, கால் வைக்க எடமில்ல. சங்கரா, கிழங்கா, கணவாய், பன்னா, ஒரு போட்டுல ஆளு ஒசரத்துக்கு திருக்கை. தம்பி வந்து நின்னான், கண்ணு செவந்து தூங்காம, ஒரு வார்த்த பேசல, வஞ்சிரம் ஒன்ன கூடைக்குள்ள போட்டுட்டு போயிட்டான். அத விக்கவா கொழம்பு வைக்கவான்னு கூட சொல்லல.

பெரிம்மா சொன்னது சரி. மூணாவது தூணு ஓரம் வேற ஒருத்தி பலகை. நான் கத்துவேன்னு நெனச்சேன், எனக்கு வாயே வரல. அம்மாவோட அருவாமனைய அவ பலகை மேலயே வச்சு உக்காந்துட்டேன். பத்து நிமிஷம் ரெண்டு பேரும் அப்படியே. அப்பறம் அவளே நவுந்துக்கிட்டா, "உங்கம்மா கையி எப்படி இருக்கு"ன்னு கேட்டா. அழுகை வந்துடுச்சு, பாவி.

இன்னைக்கு ஏலத்துல நான் கேக்கல. ஒவ்வொரு கூடையா வெரல வச்சு அழுத்திப் பாத்து பெரிம்மாவுக்கு தலைய மட்டும் ஆட்டுனேன். ஒரு கூடைக்கு வேணாம்னு ஆட்டுனதுக்கு மொறச்சாங்க, ஆனா விட்டுட்டாங்க.

சரக்கு அதிகமானதால ரேட்டு சரிஞ்சு போச்சு. அப்பவும் 740 நின்னுச்சு.

ஜூன் 17, செவ்வாய்

நாளைக்கு எடுக்குறாங்க.

ஜூன் 18, புதன்

எடுத்தாச்சு. ரெண்டு கணு. கையெழுத்து நான் தான் போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

அம்மா கட்டு போட்ட கைய தலகாணி மேல வச்சுக்கிட்டு, எந்திரிச்ச உடனே கேட்ட மொத கேள்வி நோட்டு வாங்குனியாங்குறது. 80 பக்கம் கோடு போட்டது வாங்கிட்டு வந்தேன். சொல்ல ஆரம்பிச்சுது. ஓட்டல்காரரு 1,100 (எழுநூறு இல்ல, 1,100, அடிக்கோடு போடு). நெல்லிக்குப்பம் டீச்சரம்மா 220. தையக்கடை 90. இப்படியே போயி திடீர்னு, தள்ளுவண்டிக்காரரு 340ங்குது. எந்த தள்ளுவண்டி? பழைய நோட்டுல இருந்தவராம். அம்மா அவரு செத்து எத்தன வருசமாச்சு, சுனாமிக்கு அடுத்த வருசமே போயிட்டாரேன்னேன்.

"எழுதுடி."

எழுதுனேன். பக்கத்து பெட்டு ஆயா சிரிக்குது.

ஜூன் 21, சனி

கம்பெனிலேருந்து போன். எடுக்கல.

ஜூன் 22, ஞாயிறு

மூணு கூடை சங்கரா, ஒரு கூடை நெத்திலி, பாறை ரெண்டு. மணி ஆறு தான் ஆவுது, அதுக்குள்ள கூட்டம். ஓட்டல்காரரு தூரத்துல வர்றாரு, நோட்டு எங்க வச்சேன்