பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள்: காது கேட்கிறதா என்று பார்க்கிற பெரா டெஸ்டுக்கு மூன்று முறை அலைந்த கதை

சின்னவனுக்கு இரண்டரை வயது. 'ம்மா', 'ப்பா', 'ஆ' தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. இரண்டு வயதில் ஐம்பது சொல்லாவது இருக்க வேண்டும், இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும். மூத்தவள் அப்படித்தான் பேசினாள். ஆனால் கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சமாதானம். "ஆம்பளப் பிள்ள பிந்திதான் பேசும், அவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்பார் அத்தை. நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார்கள். செல்போன் கொடுத்துக் கெடுத்தேன் என்று என் மேல் பழியும் வந்தது. காது கேட்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. குக்கர் விசில் அடித்தால் திரும்புகிறானே!

அங்கன்வாடிக்கு வந்த ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) டாக்டர்தான் பிடித்தார். வருஷத்துக்கு இரண்டு முறை அந்தக் குழு வரும், அன்றைக்குப் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். அவனுக்குப் பின்னால் நின்று ஒரு தாளைக் கசக்கினார். திரும்பவில்லை. மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கும் இல்லை. பலமாகக் கை தட்டியதும் திரும்பினான். "பேச்சுப் பயிற்சி அப்புறம். முதல்ல காதைப் பாருங்கம்மா" என்று, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கிற அரசு மாவட்ட மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு நேராக அங்கேயே போயிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிற இடம். தனியாரில் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, திருநெல்வேலியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் பெரா டெஸ்டுக்கு நாள் வாங்கினேன்.

முதல் தடவை போனபோது, காதுக்குள் குறும்பி அடைத்திருக்கிறது, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் எடுத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் சம்பளம் போச்சு. நீங்கள் அதை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சளி இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் தடவைதான் இன்னும் ஆறவில்லை. பெரா டெஸ்டில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதுக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் கொடுத்து, அது மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளை அசைந்தால் திரையில் பதிவாகிற கோடு கலைந்துவிடும், அதனால் தூங்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பஸ்ஸில் வீரவநல்லூர் தாண்டியதும் மடியில் சாய்ந்தவன், வண்ணார்பேட்டை வரை அயர்ந்து தூங்கினான். நானும் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தேன். அங்கே போனதும் முழித்துக்கொண்டு ஒரே ஆட்டம். தூக்க சிரப் கொடுத்தார்கள். தூங்கவில்லை, சிணுங்கல்தான் கூடியது. இன்னொரு தடவை கொடுக்க முடியாது என்றார்கள், அது நியாயம்தான். மூன்று மணி நேரம் தோளில் போட்டு நடந்தேன். கடைசியில் வரவேற்பில் இருந்த பெண், "தூங்குனாத்தான் எடுக்க முடியும், இன்னொரு நாள் வாங்க" என்றார்.

"பஸ்ஸுல தூங்கவிடாதீங்கன்னு போன்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே."

அழுதுவிட்டேன். கேட்கத் தெரியாமல்தானே உங்களிடம் வருகிறோம்?

மூன்றாம் தடவை விடவில்லை. முந்தின இரவு பதினொன்றரை வரை முழிக்க வைத்து, விடியற்காலை நாலரைக்கு எழுப்பினோம். பஸ் வேண்டாம் என்று செங்கோட்டை ரயிலில் ஏறினோம். ரயிலில் நடக்கவிடலாம். சேரன்மகாதேவியில் கண் சொருகியது, அவன் அப்பா தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்று வயலில் இருந்த கொக்கையெல்லாம் காட்டினார். பேட்டையில் ஈரத்துண்டால் முகம் துடைத்தேன். அங்கே போய் சிரப் கொடுத்து இருபது நிமிஷத்தில் தூங்கிவிட்டான். அந்தச் சிரப்பை வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிப்போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டாக்டர் கண் முன்னால்தான் கொடுக்க வேண்டும்.

கூடவே, செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கிற டிம்பனோ என்ற இன்னொரு டெஸ்டும் எடுத்தார்கள். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. பெரிய சத்தம் போய்ச் சேரும், மெல்லிய பேச்சு மங்கிவிடும். தண்ணிக்குள் முங்கிக்கொண்டு கரையில் பேசுவதைக் கேட்பது போல இருக்கும் என்று டாக்டர் சொன்னார். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவளுக்கு அது சட்டென்று விளங்கியது. இத்தனை மாதம் பிள்ளை அப்படியா இருந்தான்? பல பிள்ளைகளுக்குத் தானாகவே வற்றிவிடுமாம். மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்ப்போம், அதுவரை பேச்சுப் பயிற்சியைத் தொடங்குங்கள் என்றார்.

பயிற்சிக்கு மாவட்ட மையத்துக்கே போனேன். பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டார்கள். பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலை இருந்ததா, எடை எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதுவோ களக்காட்டில் அம்மா வீட்டுப் பீரோவில். தம்பி போட்டோ எடுத்து அனுப்ப, அன்றைக்கு அதை வைத்தே பதிந்துகொண்டார்கள். அந்தக் காகிதத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி என்றால் மேஜை போட்டு 'அ, ஆ' சொல்லிக்கொடுப்பது என்று நினைத்திருந்தேன். அவர்கள் பயிற்சி கொடுத்தது எங்களுக்குத்தான். குனிந்து அவன் முகத்துக்கு நேராகப் பேசு. டிவியை அணை. "இது என்ன, சொல்லு" என்று பரீட்சை வைக்காதே. அவன் 'ப்பா' என்றால் நீ 'அப்பா வந்தாச்சு' என்று ஒரு சொல் கூட்டிச் சொல். எல்லாவற்றையும்விட, காத்திரு. கை நீட்டியதும் கொடுத்துவிடாமல், சொல்லைச் சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணு.

அத்தையால்தான் முடியவில்லை. அவன் பானையைப் பார்த்தாலே செம்போடு எழுந்துவிடுவார். "பிள்ளையத் தவிக்க விடுதியேட்டி" என்று என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, அத்தையே டம்ளரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "தண்ணி" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் டம்ளரைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். "தன்னி" என்றான். அத்தை கை நடுங்கி, பாதித் தண்ணி அவன் சட்டையில்.

இப்போது முப்பது சொல் தாண்டிவிட்டான். ஒரு காதில் நீர் வற்றிவிட்டது, இன்னொன்றில் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த மாதம் டிம்பனோ மட்டும்தான், அதற்குத் தூங்க வேண்டியதில்லை. வீரவநல்லூர் தாண்டி அவன் என் மடியில் சாய்ந்தால் இந்தத் தடவை எழுப்ப மாட்டேன்.