பிளவுஸ் கை இறுகுமா?

"பாரம் தூக்கினா ஆம்பிளையள் மாதிரிக் கை வந்திடுமே?" கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஜிம்மில் சேர வரும் பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான். பயம் பெரும்பாலும் சாரி பிளவுஸின் கையில்தான் வந்து நிற்கும்.

பயிற்சி முடிந்த சூட்டோடு அளந்தால் கை பெரிதாகத்தான் காட்டும். இரத்தமும் நீரும் தசைக்குள் இறங்கியிருக்கும். அன்று மாலையே பிளவுஸைப் போட்டுப் பார்த்துவிட்டு ஜிம்மை விடுவது வீண் இழப்பு. கடைசிப் பயிற்சிக்குப் பின் இரண்டு நாள் கழித்து, காலையில், கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் நாடாவைச் சுற்றுங்கள். தோல் அமுங்கக்கூடாது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பலருக்கு உடலில் நீர் தேங்கும். ஆகவே மாதவிடாய் முடிந்த கிழமையில், மாதம் ஒரு தடவை அளந்தால் போதும்.

தராசும் முதல் சில கிழமைகள் ஏமாற்றும். தசை சேமிக்கும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்கிறது, நோவெடுத்த தசையும் சற்று வீங்கும். ஒரு கிலோ கூடினால் அது கொழுப்புமல்ல, புதுத் தசையுமல்ல. அப்போது கூடும் பலம்கூடப் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது. தசையைப் பெருக்கும் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவு பெண்களில் ஆண்களுடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மேடையில் தசை காட்டும் பெண்கள் பல வருடம் அதற்கென்றே உண்டு, அதற்கென்றே தூக்கியவர்கள். தவறிப்போய் யாருக்கும் அந்த உடல் வாய்ப்பதில்லை.

உண்மையில் நடக்கும் பிழை மறுபக்கம். 1 கிலோ டம்பெல்லை 30 தடவை ஆட்டினால் கை களைக்கும், பலம் பெரிதாகக் கூடாது. 8 முதல் 12 தடவைக்குள், "இன்னும் இரண்டுதான் முடியும்" என்ற இடத்தில் நிறுத்தவைக்கும் பாரம் வேண்டும். ஸ்குவாட் (பாரத்தோடு குந்தி எழுதல்), டெட்லிஃப்ட் (தரையிலுள்ள பாரக் கம்பியைத் தூக்கி நிமிர்தல்), ரோ (குனிந்து பாரத்தை உடம்பை நோக்கி இழுத்தல்), தோளுக்கு மேல் பிரெஸ் (பாரத்தை மேலே தள்ளுதல்): ஒவ்வொன்றும் 3 செட் (சுற்று), இடையில் 2 நிமிட ஓய்வு, கிழமைக்கு 2 அல்லது 3 நாள். மூன்று செட்டிலும் 12 வந்தால் பாரத்தைக் கூட்டுங்கள். 5 கிலோவிலிருந்து 7.5க்குத் தாவுவது பாதிப் பாரத்தை ஒரேயடியாக ஏற்றுவது. முடியாவிட்டால் 5 கிலோவிலேயே 15 வரை போய், இறக்கும்போது மூன்று எண்ணி இறக்குங்கள்.

டெட்லிஃப்டில் கவனிக்க ஒன்று உண்டு. பெரிய தட்டுகள் போட்டால் கம்பி தரையிலிருந்து ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். தொடக்கக்காரருக்குச் சின்னத் தட்டுகளை மாட்டினால் கம்பி கீழே போய்விடும், எட்டி எடுக்க முதுகு வளையும். இரு பக்கமும் பலகையோ தட்டுகளோ அடுக்கி உயர்த்துங்கள். கம்பி பாதத்தின் நடுவுக்கு மேலே தொடங்கி, காலை உரசியபடி ஏற வேண்டும். முன்னே விலகினால் விலகிய தூரமெல்லாம் கீழ்முதுகில் சுமையாகும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்கக்கூடாது. தொடங்குமுன் வைத்தியரைக் கேளுங்கள்.

சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே தூக்குவதும் நிறைய நடக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 72 முதல் 96 கிராம் புரதம் நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம்தான். காலையில் பிட்டும் சம்பலும் மட்டும் என்றால் அந்த வேளையில் புரதம் குறைவு. இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் கடலையும் பக்கத்தில் வையுங்கள், மதியத்துக்கு உள்ளங்கையளவு மீனும் பருப்பும்.