கம்போ மண்ணும் கரிசல் காலும்

வினிபெக் என்பது கிரீ மொழிப் பெயர். கலங்கல் நீர் என்று பொருள். கனடாவின் நடுவில், ரெட், அசினிபோயின் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். இங்கே வருகிறவனிடம் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் சொல்லி அனுப்புவார்கள். குளிருக்கு நல்ல கோட்டும் காலணியும் போதும். ஏப்ரலில் பனி உருகியதும் கிளம்புகிற சேறும், அதைப் பற்றி இங்குள்ளவர்கள் பேசுகிற ஆங்கிலமும் பழகத்தான் எனக்கு நாள் பிடித்தது.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். மழை பெய்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஊர். காலில் அப்பிய மண் அடிக்கு அடி கனத்துக்கொண்டே வரும். கோடையில் அதே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்தக் கனத்தை மறுபடியும் காலில் உணர்ந்தது வினிபெக்கில், புது வீடுகள் எழும்பும் ஒரு மனையில் மின்கம்பி இழுக்கும் வேலைக்குப் போனபோதுதான். பனியுகத்தின் முடிவில் இங்கே அகாசிஸ் என்ற மாபெரும் ஏரி கிடந்தது. பனிப்பாறைகள் உருகிய நீரால் நிறைந்த ஏரி அது. அதன் அடியில் படிந்த களிமண்ணின் மேல்தான் இந்த நகரம் நிற்கிறது. ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மண்ணியல் அறிஞர்கள் நம் கரிசலையும் இந்த மண்ணையும் வெர்டிசால் என்ற ஒரே இனத்தில் வைக்கிறார்கள்.

ஊர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கம்போ. கம்போ என்றால் மூலத்தில் வெண்டைக்காய். ஆப்பிரிக்காவின் பாந்து மொழிகளில் பிறந்து, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அமெரிக்காவின் தெற்கிலுள்ள லூசியானாவுக்கு வந்த சொல் அது. வெண்டைக்காய் போட்ட கொழகொழ குழம்புக்குப் பெயராகி, பிறகு ஒட்டுகிற சேற்றுக்கும் பெயரானது. அத்தனை துயரம் சுமந்து வந்த சொல், இந்த வடக்கு மண்ணைக் கச்சிதமாகச் சொல்கிறது. ஆங்கிலத்தில் எனக்கு மிகவும் பிடித்த சேற்றுச்சொல் இதுதான்.

டர்ட் என்ற சொல்லோடு சமாதானமாகத்தான் நேரமானது. பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி டர்ட் என்றால் அழுக்கு. இங்கே தோட்டத்துக்கு ஒரு லாரி டர்ட் வேண்டும் என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். மண்சாலை டர்ட் ரோடு. தங்கம் தேடிப் போனவர்களுக்குத் தங்கம் கிடைக்கிற மண் பே டர்ட். எங்கள் வேலைத்தளத்தில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் ஒருநாளும் அந்தச் சொல்லை மண்ணுக்குச் சொல்ல மாட்டார். அவருக்கு அது சாயில்தான். டர்ட் என்பது துடைத்து எறிய வேண்டியது. சொல்லின் பிறப்பு அவர் பக்கம்தான். பழைய நார்ஸ் மொழியில் அது மலத்தைக் குறித்தது. கடல் கடந்த இந்தப் பக்கத்தில் அது வயல் மண்ணாக உயர்ந்திருக்கிறது.

சாயில் மட்டும் முழுச் சுத்தமா என்றால், இல்லை. என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே அழுக்குத் துணிப் பையின் மேல் சாயில்ட் என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்தால் கொல்லையில் கிடக்கும் தோட்டமண் மூட்டையின் மேல் சாயில் என்று இருக்கும். அகராதியில் இவை தனித்தனிச் சொற்கள். வெவ்வேறு வழியில் வந்து ஒரே எழுத்தில் முடிந்திருக்கின்றன. காது அதையெல்லாம் பார்ப்பதில்லை.

என் தொழிலான மின்வேலையில் மண்ணுக்கு வேறு பெயர். ஊரில் எர்த் என்போம். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிக் காப்போம். இங்கே அதற்கு கிரவுண்ட் என்று பெயர். மூன்று மீட்டர்க் கம்பியை நிலத்தில் அடித்து இறக்குகிறோம். பிரிட்டனில் இன்றும் எர்த்தான். பக்கத்தில் வேலை செய்கிற பூச்சு ஆட்கள் மட் எங்கே என்று கத்தினால், சேற்றைத் தேடவில்லை. பலகைச் சுவரின் இணைப்பில் பூசும் வெள்ளைப் பசையைக் கேட்கிறார்கள். கான்கிரீட் போடுகிறவர்களுக்குக் கான்கிரீட்டும் மட்.

எங்கள் மேற்பார்வையாளர் இறந்தபோது கல்லறைக்குப் போயிருந்தேன். குழியருகே குவித்திருந்த மண்ணை வெட்டிய ஆள் டர்ட் என்றார். சற்று நேரத்தில் பாதிரியார் அதே குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து எர்த் என்றார். அந்த இடத்தில் வேறெந்தச் சொல்லும் பொருந்தியிருக்காது. நாமும் தோற்றவனை மண்ணைக் கவ்வினான் என்கிறோம், செத்தவனை மண்ணுக்குள் வைக்கிறோம். ஆனால் நமக்கு ஒரே மண். அவர்கள் இடத்துக்கு ஒரு பெயர் வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள்.

ரெட் ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. தெற்கே உருகிய நீர், வடக்கே இன்னும் உறைந்து கிடக்கும் பகுதியில் வந்து முட்டும். 1950 வெள்ளத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அதன் பிறகு 1962 முதல் 1968 வரை 47 கிலோமீட்டர் நீள வெள்ள வாய்க்கால் ஒன்றை வெட்டினார்கள். 1997 வெள்ளத்தில் நகரத்தைக் காத்தது அதுதான். அந்த ஆண்டு மணல் மூட்டை அடுக்கியவர்கள், அதைச் சொல்லத் தொடங்கினால் இன்றும் நிறுத்துவதில்லை. கேட்க எனக்கும் சலிப்பதில்லை.

போன ஆடி மாதம், புதிதாக வீடு வாங்கிய சாத்தூர்ப் பையன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். "அண்ணாச்சி, வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்களே, உண்மைதானா?" உண்மைதான். மழை பொய்த்த கோடையில் கம்போ சுருங்கினால் அடித்தளச் சுவர் இறங்கும், வெடிக்கும். நிலவறையில் உத்தரத்தைத் தாங்கும் இரும்புத் தூண்களில் திருகு வைத்திருப்பது, வீடு அசையும்போது ஏற்றி இறக்கிச் சரிசெய்யத்தான்.

"கரிசல்காட்டுப் பையன் நீ, உனக்கா சொல்ல வேண்டும் தம்பி?" என்று தொடங்கி, செய்ய வேண்டியதைச் சொன்னேன். உடலெங்கும் நீர் கசிகிற தோட்டக் குழாயைச் சுவரை ஒட்டிப் போடாதே, ஓரடி, ஒன்றரை அடி தள்ளிப் போடு. நாலு பக்கமும் சமமாக நனையட்டும். வெடிப்புக்குள் நேராக ஊற்றினால் நீர் அப்படியே கீழே ஓடிவிடும், மண் குடிக்காது. மெதுவாக விடு. கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் வாய் சுவரைவிட்டு நன்றாக வெளியே தள்ளியிருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பார்.