பரீக்குட்டி எந்தக் கல்லூரி வாத்தியார்?

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டபோது, எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், எனக்கு ஒரு நாள்கூடப் பாடம் எடுக்காத ஒருவரைப் பற்றியே எழுதியிருக்கிறேன். சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் நான் இயற்பியல் படித்தது 1972 முதல் 1975 வரை. அதற்குச் சுமார் பதினைந்து வருடம் முன்னால் மாதவன் நாயர் என்று ஒரு இந்தி விரிவுரையாளர் அங்கே இருந்தார். திருவனந்தபுரம் கௌரீசபட்டத்தில் 1933இல் பிறந்தவர். அப்பா திருவனந்தபுரம் மேயராக இருந்தவர். மகன் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தி எம்.ஏ. முடித்து, நாகர்கோவிலுக்கு வேலைக்கு வந்தார். 1959இல் அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நாடகம் படிக்க டெல்லிக்கு ரயிலேறினார். நான் கல்லூரியில் சேர்ந்தபோது அவர் மாதவன் நாயர் இல்லை, நடிகர் மது. மலையாளப் படமான ‘செம்மீன்’இல் வரும் பரீக்குட்டி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் ஸ்காட்டில் மட்டும் வேலை பார்க்கவில்லை, இந்துக் கல்லூரியிலும் பார்த்திருக்கிறார். ஸ்காட் 1893இல் கல்லூரியானது, தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952இல் வந்தது. நேற்று முளைத்த கல்லூரிக்கு மதுவா என்று நாங்கள் கேட்போம். உங்களிடம் நின்றாரா, விட்டுவிட்டுத்தானே போனார் என்று அவர்கள் கேட்பார்கள். வேப்பமூடு ஜங்ஷன் டீக்கடையில் இந்தச் சண்டை எத்தனை முறை நடந்தது என்று கணக்கில்லை. மனிதர் இரண்டு பேரையும் விட்டுவிட்டுத்தான் போனார் என்பது ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

என் தாய்மாமா மது வேலை பார்த்த அதே நாட்களில் ஸ்காட்டில் படித்தவர். “மாமா, அவர் கிளாஸ் எப்படி இருக்கும்?” என்று ஆவலாகக் கேட்டேன். “எனக்கு எங்கடே தெரியும்? நான் எடுத்தது மலையாளம்லா” என்றார். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் மாமா தலைமுறைக்கு மலையாளம் பள்ளிக்கூடத்து மொழி. அந்த இந்தி வகுப்பின் வாசலைக்கூட மாமா மிதித்ததில்லை. ஆனாலும் தெருவில் யாராவது மது படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் “நம்ம சாருதான்” என்று ஆரம்பித்துவிடுவார்.

‘செம்மீன்’ வந்தது 1965இல். நான் அப்போது சின்னப் பையன். கல்லூரிக்கு வந்த பிறகுதான், மணிமேடைப் பக்கம் ஒரு கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சியாகத் திரும்பப் போட்டபோது பார்த்தேன். கூட வந்தவன் குளச்சல்காரன், மீன்பிடிக் குடும்பம். அவனோடு போயிருக்கக் கூடாது. கடல் தெரிகிற ஒவ்வொரு காட்சியிலும் ஒரு குற்றம் கண்டுபிடித்தான். வள்ளம் தள்ளுவது சரியில்லை, மடி இழுப்பது சரியில்லை என்று காதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். கரையில் இருக்கிற பெண்டாட்டி நெறி தவறினால் கடலுக்குப் போனவன் திரும்ப மாட்டான் என்று படத்தில் சொன்னபோது, “அப்போ புயல் என்னத்துக்கு வருவுது?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டான். அவனை முழுதாகச் சாய்த்தது பரீக்குட்டி. மீன் வியாபாரி பரீக்குட்டி, தான் காதலிக்கும் கறுத்தம்மாவின் அப்பன் செம்பன்குஞ்ஞுக்கு வள்ளமும் வலையும் வாங்கக் காசு கொடுக்கிறான். அப்பன் காரியம் முடிந்ததும் கையை விரித்துவிடுகிறான். “எழுதி வாங்காம வள்ளத்துக்குக் காசு குடுத்த வியாபாரி எங்க கரையில ஒருத்தன் உண்டுமா, காட்டுலே பாப்போம்” என்றான்.

அப்புறம் அந்தப் பாட்டு வந்தது. வயலார் எழுதி, சலில் சௌத்ரி இசையமைத்து, மன்னா டே பாடிய ‘மானச மைனே வரூ’. இசையமைத்தவரும் பாடியவரும் வங்காளிகள். கடற்கரையில் நின்று வாயசைத்தவர் காசியில் இந்தி படித்த திருவனந்தபுரத்துக்காரர். கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நாகர்கோவில் பையன்கள். குளச்சல்காரன் பேச்சை நிறுத்திவிட்டான். வெளியே வந்து பஸ் ஏறும்வரை பேசவில்லை. ஏறும்போது மட்டும், “காசு போனா போவட்டும்னு நிக்கான் பாரு, அந்த நிப்பு சரியாட்டு இருக்கு” என்றான்.

மதுவைப் பற்றி நான் பிற்காலத்தில் எத்தனையோ கட்டுரைகள் படித்துவிட்டேன். அவன் சொன்னதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. அந்தப் படத்தில் கறுத்தம்மாவின் புருஷனாக வரும் சத்தியனுக்கு வேகம் இருக்கிறது, அப்பனாக வரும் கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயருக்குப் பேராசை இருக்கிறது, கறுத்தம்மாவாக வரும் ஷீலாவுக்குக் கடலே இருக்கிறது. மதுவுக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. தோளைத் தொங்கவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் நிற்கிறார். மிமிக்ரிக்காரர்கள் அவர் “கறுத்தம்மா” என்று கூப்பிடுவதை இழுத்து இழுத்தே ஐம்பது வருடம் பிழைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் நான் வேலைக்குப் போன மஸ்கட்டில், ஓண விழா மேடையில் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு லேசாகக் கோபம் வரும். கூடவே சிரிப்பும் வந்துவிடும், அது வேறு விஷயம்.

‘செம்மீனு’க்கு முந்தைய வருடம் வந்த ‘பார்கவி நிலையம்’ எனக்கு இன்னும் ஒரு படி மேல். மலையாள எழுத்தாளர் பஷீர் எழுதியது. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யை ஒளிப்பதிவு செய்த அதே வின்சென்ட் இயக்கியது. பேய் வீடு என்று ஊரே ஒதுக்கிய வீட்டில் ஒரு எழுத்தாளன் வாடகைக்கு வந்து தங்குகிறான். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பேய்ப் பெண்ணிடம் ஒற்றை ஆளாகப் பேசிக்கொண்டிருக்கிறான். பதில் சொல்ல ஆளில்லாமல் மணிக்கணக்கில் பேசுவது ஒரு வாத்தியாருக்கு அப்படி என்ன கஷ்டம் என்று எங்கள் விடுதியில் ஒரு ஜோக் உண்டு.

டெல்லியில் அவர் சேர்ந்தது தேசிய நாடகப் பள்ளி. 1959இல் தொடங்கிய முதல் அணி; அதில் ஒரே மலையாளி அவர். ‘செம்மீன்’ இயக்குநர் ராமு காரியாட்டின் ‘மூடுபட’த்துக்குத்தான் முதலில் ஒப்புக்கொண்டார், ஆனால் முதலில் திரைக்கு வந்தது ‘நிணமணிஞ்ஞ கால்பாடுகள்’, 1963இல். படித்த இந்தியும் வீணாகவில்லை. கே.ஏ. அப்பாஸ் 1969இல் எடுத்த ‘சாத் ஹிந்துஸ்தானி’யில் வங்காளியாக நடித்தார். நெட்டையாக ஒரு புதுப் பையனும் அதில் இருந்தான், அமிதாப் பச்சன். மலையாளப் படவுலகம் கோடம்பாக்கத்தில் குடியிருந்த காலத்தில், திருவனந்தபுரத்தில் உமா ஸ்டுடியோ தொடங்கினார். உமா அவருடைய மகள் பெயர். 1970இல் ‘பிரியா’வை இயக்கியபோது கதாநாயகன் வேஷத்தை எடுத்துக்கொள்ளாமல் வில்லன் வேஷத்தை எடுத்துக்கொண்டார். மொத்தத்தில் முந்நூறு படங்களுக்கு மேல். எழுபதுகளில் வந்தவற்றில் பாதி, வாடகை பாக்கிக்காக நடித்தவை போல இருக்கும். உட்கார்ந்து பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

‘சுயம்வரம்’ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் படம், 1972. நாங்கள் நாலு பேர் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கித் திருவனந்தபுரம் போய்ப் பார்த்தோம். படம் தொடங்கினால் அங்கேயும் ஒரு பஸ். மதுவும் சாரதாவும் உட்கார்ந்திருக்கிறார்கள், பஸ் போகிறது, போகிறது, ஒரு வார்த்தை பேச்சில்லை. “இறங்கினதும் ஏறிட்டோமே மக்கா” என்று ஒருவன் தலையில் கைவைத்தான். நான் பாதியில் தூங்கிவிட்டேன். அது சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கியதைப் பேப்பரில் பார்த்து, தூங்கியதை வெளியே சொல்லாமல் மறைத்தேன்.

திரும்ப அதைப் பார்த்தது மஸ்கட்டில், வீடியோ கேசட்டில். இடையில் என் கதையிலும் கொஞ்சம் நடந்திருந்தது. எம்.எஸ்ஸி. முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலையில் இருந்தவன், 1981இல் அதை விட்டுவிட்டு வளைகுடாவுக்குக் கிளம்பினேன். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. பென்ஷன் உள்ள வேலையை எவனாவது விடுவானா என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் கேட்டார். மாமாதான் வந்து, “நம்ம இந்தி சாரு விட்டுட்டுப் போவல்லியா, கெட்டா போனாரு?” என்று சமாதானம் பேசினார். அம்மாவுக்கு இந்தி சார் யாரென்று தெரியாது. “அவரு எந்த நாட்டுக்குப் போனாரு?” என்று கேட்டார்.

கேசட்டில் பார்த்த ‘சுயம்வர’த்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊரைவிட்டு வந்து குடித்தனம் நடத்துகிறவன். எழுதிப் பிழைக்கலாம் என்று வந்தவனுக்கு ஒரு வாத்தியார் வேலை கிடைக்கிறது, அதுவும் போகிறது, மரக்கடையில் கணக்கு எழுதுகிறான், நோயில் விழுகிறான். நிஜத்தில் வாத்தியார் வேலையைத் தானாக விட்டு வந்தவர், படத்தில் அதே வேலை கைவிட்டுப் போன பிறகு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற மாதிரி ஒரு முகத்தை வைத்திருந்தார். என் அறையிலிருந்த மலையாளிகள் இருவர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். “எங்க காலேஜ் சார்” என்றேன். அவர்கள் நம்பவில்லை.

2004இல் அவருக்கு ஜே.சி. டேனியல் விருது கொடுத்தார்கள். மலையாளத்தின் முதல் படத்தை எடுத்துக் கையில் இருந்ததையெல்லாம் தொலைத்த டேனியல், நம் அகஸ்தீஸ்வரத்தில்தான் 1975இல் காலமானார். நான் இறுதியாண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்கள். பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவு. அப்படி ஒருவர் இருந்தார் என்றே எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. பரீக்குட்டிக்காக டீக்கடையில் சண்டை போட்டவர்கள் நாங்கள்.

மதுவுக்கு 2013இல் பத்மஸ்ரீ வந்தது. 2023இல் தொண்ணூறு வயது நிறைந்தபோது மலையாளத் தொலைக்காட்சிகளில் அவர் முகம் நாள் முழுக்க ஓடியது. அன்று ராத்திரி எனக்கு ஒரு போன். பழைய டீக்கடைச் சண்டைக்காரன், இந்துக் கல்லூரி, இப்போது டொராண்டோவில் இருக்கிறான். “எங்க சாருக்குப் பிறந்தநாள், பாத்தியா?” என்றான்.

ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். 1950களின் கடைசியில் ஸ்காட்டில் எடுத்த ஆசிரியர் குழுப் படம் யார் வீட்டிலாவது, அப்பா, பெரியப்பா பெட்டியில் கிடந்தால், தயவுசெய்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். பின்வரிசையில் இருந்தாலும் பரவாயில்லை. டொராண்டோவுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.