140 சொன்ன வண்டி

மார்ச் 4

பழைய பைக் ஒன்று வாங்க வேண்டும், மூன்று வாரமாக இன்டர்செப்டர் 650 விளம்பரங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ராயல் என்ஃபீல்டு 2018-இல் இறக்கிய வண்டி, 648 சிசி, இரட்டை சிலிண்டர், சுமார் 47 குதிரைத்திறன். வண்டியைப் பற்றிச் சந்தேகமே இல்லை, விலையைப் பற்றித்தான் குழப்பம். ஒரே வருட மாடல், கிட்டத்தட்ட ஒரே கிலோமீட்டர், ஆனால் ஒருவர் கேட்பதற்கும் இன்னொருவர் கேட்பதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: நான் நிறைய மாட்டியிருக்கிறேன்.

அதனால் எனக்கென்று ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். எந்த மாற்றமும் செய்யாத, ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட 2019 மாடல் கைமாறும் விலை 100. நிஜப் பணத்தை இங்கே எழுதப்போவதில்லை, எல்லாமே இந்த 100-ஐ வைத்துத்தான். அதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை, ஏனென்றால் விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. நான்கைந்து நாளில் காணாமல் போன வண்டிகளின் விலையை மட்டும் நோட்டில் குறித்தேன். மூன்று வாரமாக அசையாமல் நிற்பவை எவ்வளவு சொன்னாலும் கணக்கில் சேர்க்கவில்லை.

மார்ச் 6

ஒருவர் 140 சொல்கிறார். (அவர் பணமாகத்தான் சொன்னார், மாற்றியது நான்.) 2019 வண்டி, 18,400 கிலோமீட்டர். ஓலின்ஸ் என்ற பிராண்டின் பின் ஷாக் அப்சார்பர், ட்யூப்லெஸ் அலாய் சக்கரம், இரண்டு பக்கமும் வேறு சைலன்சர், வேறு ஏர் ஃபில்டர், அதோடு இன்ஜினுக்குப் போகிற பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் ஒரு சின்னப் பெட்டி, சீட், லெக் கார்டு, கூடுதல் விளக்குகள், பின்னால் கேரியர். “62 செலவு பண்ணியிருக்கேன் சார், எல்லாத்துக்கும் பில் இருக்கு. உங்களுக்கு 40-தான் போட்டிருக்கேன்” என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் தோன்றியது, அந்த 62-ஐ அவர் செலவழித்தது அவருக்காக, எனக்காக இல்லையே.

மார்ச் 7

போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். சூடு. நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே கேட்டிருந்தேன். காலையில் ஒரு வேலையாக வெளியே போய்வந்தாராம். இருக்கலாம். ஆனால் ஆறிப்போன இன்ஜினில்தான் எல்லாம் தெரியும்: எத்தனை நொடியில் பிடிக்கிறது, டேப்பட் (வால்வைத் திறக்கிற பாகம்) எப்படி அடிக்கிறது, முதல் புகை நீலமாக வருகிறதா. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வண்டி பளபளவென்று இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன், ஆசை எங்கே ஆரம்பித்தது என்று பிறகு தெரிய வேண்டும்.

மார்ச் 8

இன்று இன்ஜின் சில்லென்று இருந்தது. ஒரே தட்டில் பிடித்தது, புகை இல்லை, ஐட்லிங் ஒரு நிமிடத்தில் சீரானது. டேப்பட் செக் செய்த பில்லும் காட்டினார். இந்த இன்ஜினில் அது திருகைத் திருப்பிச் சரிசெய்கிற வகைதான், பெரிய செலவில்லை. ஆனால் அந்த பில்லை எடுத்து வைத்திருக்கிற ஆள் ஆயிலையும் ஒழுங்காக மாற்றியிருப்பார் என்று ஒரு நம்பிக்கை. சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பேப்பரோடு சரியாக இருந்தன.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

முன் டயரில் பட்டன் தேயாமல் நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கவாட்டில் 2219 என்று இருந்தது. அதாவது 2019-ஆம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்த டயர், வண்டி வாங்கும்போது வந்தது. ரப்பர் நகத்துக்கே இறுகிப்போய்த் தெரிந்தது. புது அலாய் சக்கரம் வாங்கியவர் பழைய டயரையே அதில் ஏற்றியிருக்கிறார்! பின் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடுகிற பல்சக்கரம்) செயினைப் பின்பக்கமாக இழுத்துப் பார்த்தேன், பல்லில் பாதி வெளியே தெரிந்தது, அவ்வளவு தேய்மானம். பிரேக் ஆயில் தேநீர் நிறத்தில். 62 செலவழித்த இடத்தில் இந்த மூன்றுக்கும் ஒரு பைசா போகவில்லை. பார்ப்பவர் கண்ணில் படுகிற சாமானுக்குத்தான் பணம் போயிருக்கிறது, எனக்கு அதில் கொஞ்சம் கோபமும் வந்தது.

லெக் கார்டில் இடது பக்கம் தேய்ந்திருந்தது. கிளட்ச் லீவர் புதுசு, பிரேக் லீவர் பழசு. இப்படி ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் வண்டி அந்தப் பக்கம் எதற்கு விழுந்தது என்று கேட்டே ஆக வேண்டும். நின்றுகொண்டிருந்தபோது சாய்ந்தது என்றார். ஹேண்டில்பாரைக் கடைசி வரை திருப்பி, ஃபிரேமில் அது முட்டி நிற்கிற இடத்தைப் பார்த்தேன். வேகத்தில் விழுந்த வண்டியில் அங்கே பெரும்பாலும் பெயின்ட் உதிர்ந்தோ நசுங்கியோ இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாக ஆட்டினேன், நடுவில் சிக்கவில்லை, கோன்செட் (ஹேண்டில்பார் திரும்புகிற இடத்து பேரிங்) நன்றாக இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டேன், கோட்டம் இல்லை. சரி, அவர் சொன்னதை நம்பலாம்.

கூடுதல் விளக்குகளின் ஒயர்களைத்தான் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. ஃபியூஸ் இல்லை, ரிலே இல்லை, ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள்.

ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் பட் பட் என்று வெடித்தது. அதுதான் சார் அழகே என்றார். சைலன்சர் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தது, காற்றுக் கசிவு. கேஸ்கெட் (இணைப்பை அடைக்கிற வளையம்) மாற்றினால் அவர் சொல்கிற அழகு பாதியாகக் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன், சொல்லவில்லை.

மார்ச் 9

நோட்டும் பேனாவும்.

முதலில் கழிக்க வேண்டியது. முன் டயருக்கு 3, செயின் ஸ்பிராக்கெட் செட்டுக்கு 3, ஒயரிங்கைப் பிரித்துச் சரிசெய்ய 2, பிரேக் ஆயிலும் கேஸ்கெட்டும் சில்லறையும் 1. ஆக வண்டி 91. எதையும் கூட்டுவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓலின்ஸ் தங்க நிறத்தில் மின்னும்போது செயின் ஞாபகத்துக்கு வராது.

இனி அவர் மாட்டியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் வைத்துக்கொண்டேன்: இது இல்லாமல் வண்டி வந்திருந்தால் நானாகப் போய் வாங்கியிருப்பேனா? ட்யூப்லெஸ் சக்கரம், நிச்சயமாக. இந்த மாடல் கம்பெனியில் ஸ்போக் சக்கரமும் ட்யூபுமாகத்தான் வந்தது, வழியில் பஞ்சர் ஆனால் ட்யூபோடு யார் மல்லுக்கட்டுவது. அவருக்கு 15 ஆன சக்கரத்துக்கு 6 தரலாம். லெக் கார்டுக்கு 1. சீட் எனக்கு உயரம், 0. ஃபில்டரும் கலவைப் பெட்டியும் 0, அதில் யார் என்ன கலவை வைத்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. வாங்கினால் முதல் நாளே கழற்றி வைப்பேன்.

சைலன்சர்தான் தகராறு. இரண்டும் கம்பெனியுடையதைவிட எடை குறைவு, சத்தம் அருமை, இந்த இன்ஜினின் 270 டிகிரி கிராங்குக்கு (இரண்டு சிலிண்டரும் சமமில்லாத இடைவெளியில் வெடிக்கிற அமைப்பு) அந்தத் தடதடப்பு பொருந்துகிறது. ஆனால் சைலன்சரை மட்டும் மாற்றினால் கூடும் சக்தி மிகச் சொற்பம். சத்தத்துக்கும் புகைக்கும் சோதனை இருக்கிற இடத்தில் கம்பெனி சைலன்சர் கையில் இல்லை என்றால் இது கூட்டலே அல்ல, கழித்தல். பழைய ஜோடியை வைத்திருந்தால் 3, இல்லையென்றால் பார்த்துக்கொள்ளலாம்.

ஓலின்ஸ் நல்ல சாமான், பிரித்து சர்வீஸ் செய்யலாம், தனியாக விற்றாலும் விலை போகும். ஆனால் அவர் 95 கிலோ, ஸ்பிரிங் அவர் எடைக்குப் போட்டது. நான் 60. ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கிற அளவைத் தளர்த்தினால் வண்டி நிற்கிற உயரம் மாறும், ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. ஸ்பிரிங் மாற்றுகிற செலவைக் கழித்தால் எனக்கு அது 7.

91, 6, 1, 7. மொத்தம் 105. அவர் 140-இல் நிற்கிறார்.

மார்ச் 11

இன்று என் பழைய வண்டியைப் பார்க்க ஒரு பையன் வந்தான். நான் மாட்டிய விண்ட்ஷீல்டு, சாமான் பெட்டி, ஹீட்டர் வைத்த கைப்பிடி எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினேன், விலையையும் சொன்னேன், பில் இருக்கிறது என்றும் சொன்னேன். “அண்ணே, இதெல்லாம் எனக்கு வேண்டாமே, கழற்றிட்டுத் தர முடியுமா?” என்றான். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. போனபிறகு நோட்டைத் திறந்து என் வண்டிக்கும் அதே கேள்வியைப் போட்டேன். 30 செலவழித்ததில் 4 தேறியது. கைப்பிடிக்கு மட்டுமாவது இன்னும் ஒன்று தரலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

மார்ச் 14

போன் செய்தேன். 125-க்கு இறங்கியிருந்தார், அதற்குக் கீழே போனால் ஷாக்கை இலவசமாகக் கொடுத்த மாதிரி என்றார். அவர் சொன்னதும் சரிதான், நான் 7 போட்ட ஷாக் அவர் எடையுள்ள இன்னொருவருக்கு 12 பெறும். பையன் சொன்னது ஞாபகம் வர, நானும் அதையே கேட்டேன்: ஓலின்ஸைக் கழற்றி நீங்களே விற்றுக்கொள்ளுங்கள், கம்பெனி ஷாக் இருந்தால் மாட்டிக் கொடுங்கள், 98 தருகிறேன். விளக்குகளும் எனக்கு வேண்டாம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

கம்பெனி ஷாக் இருக்கிறதாம். பழைய சைலன்சர்? தேடிப் பார்க்கிறேன் என்றார்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். பரணில் ஒன்றுதான் கிடைத்ததாம். ஜோடியில் இன்னொன்று எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. ஆக சைலன்சர் கணக்கு 0, சோதனைக்கு இன்னொன்று நான் தேட வேண்டும். அவர் 105 கேட்டார், நான் 98-இல் நின்றேன், கடைசியில் 100. என் கணக்குக்கு மேலே போன அந்த 2 முழுக்கச் சத்தத்துக்குத்தான்.

மார்ச் 15

எடுத்து வந்தாயிற்று. கம்பெனி ஷாக்கில் என் எடைக்கு நன்றாகவே போகிறது. முன் டயருக்குச் சொல்லிவிட்டேன், அது வரும் வரை மழையில் எடுப்பதில்லை. ஒற்றைச் சைலன்சரைப் பழைய சட்டையில் சுற்றிக் கொடுத்தார், கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இடது பக்கத்துக்கானது. வலது பக்கம் யாரிடமாவது இருக்கிறதா?